ஓட்டிப் பார்க்கப் போனவர்கள்

ஜெலுத்தோங், பினாங்கு
3 மார்ச் 2024

அன்புத் தம்பி ஹரீஷுக்கு,

அக்கா தனுஜா எழுதுகிறேன். இது உன் கைக்கு வந்து சேரும்போது உன் இருமல் நின்றிருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நலம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு விஷயம். என் மோட்டார் சைக்கிளை விற்கப் போகிறேன். எட்டு வருஷமாக என்னைத் தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் சுமந்த அதே நீல மோட்டார்தான். இப்போது கம்பெனி பஸ் நம் பிளாட் வாசலுக்கே வருகிறது. படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். அன்றைக்கே ஒன்பது பேர் கேட்டார்கள். பதிவு என் பெயரில்தானா, டயர் எப்போது மாற்றியது என்றெல்லாம் விசாரித்துவிட்டு, எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். "ஓட்டிப் பாக்கலாம்லா, அக்கா?"

நியாயமான கேள்வி. ஓட்டிப் பார்க்காமல் நானும்தான் வாங்க மாட்டேன். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முகம்மது சுல்தான் நினைவுக்கு வருகிறார். நீதிமன்றத்தில் ஒரே ஒரு முறை பார்த்த மனிதர். ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அவருடைய மோட்டாரை நீ எடுத்துக்கொண்டு போனதை அவர் சொன்னபோது உன் பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார்.

இதை உன்னிடம் கேட்பது சரியா என்று இரண்டு வாரம் யோசித்தேன். எனக்குக் கேட்க வேறு ஆளும் இல்லை. நம்பிக் கொடுப்பதா, வேண்டாமா? கொடுத்தால் எப்படிக் கொடுப்பது?

சாப்பாட்டை மிச்சம் வைக்காதே.

உன் அக்கா,
தனுஜா


24 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. இங்கே ஜெயிலில் தமிழ்க் கடிதத்தைப் படித்துப் பார்த்துக் கொடுக்க ஒரே ஓர் அதிகாரிதான் இருக்கிறார், அதனால் உன் கடிதம் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துவிடு.

கேட்டதற்குச் சொல்கிறேன். வருகிறவரின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள். நகல் கொடுத்தால் வாங்காதே. அட்டையில் இருக்கும் முகத்தையும் எதிரில் இருக்கும் முகத்தையும் நிதானமாகப் பார். அவசரப்படுத்தினால் அனுப்பிவிடு. பையை வைத்துவிட்டுப் போகிறேன் என்று சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து காட்டச் சொல். இரண்டு பேராக வந்து, "நண்பன் இங்கேயே நிப்பான்" என்று சொன்னால் அந்த நண்பனை நம்பாதே. அவன் நிற்பது நீ அவனோடு பேசிக்கொண்டிருப்பதற்காகத்தான். மோட்டார் கண்ணை விட்டு மறைந்ததும் கழிப்பறை எங்கே என்று கேட்பான்.

எல்லாவற்றையும் விட நல்ல வழி, நீயே ஓட்டிக் காட்டு. வாங்குகிறவர் பின்னால் உட்காரட்டும். பிறகு அவர் ஓட்டட்டும், நீ பின்னால் உட்கார். சாவி உன் கையை விட்டுத் தூரம் போகாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்க மாட்டாய் என்று தெரியும்.

உனக்கு அந்த மோட்டார் பிடிக்குமே அக்கா. மழையில்கூட பஸ் வேண்டாம் என்பாயே. ஏன் விற்கிறாய்?

அன்புடன்,
ஹரீஷ்


ஜெலுத்தோங்
9 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

நலமா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அம்மா பகலெல்லாம் மின்விசிறிக்கு அடியிலேயே படுத்திருக்கிறார். உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தபோது தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முடித்ததும், "இன்னொரு தடவ படி, ஃபேன் சத்தத்துல கேக்கல" என்றார்.

போன சனிக்கிழமை இரண்டு பையன்கள் வந்தார்கள். மரியாதையான பையன்கள். ஒருவன் என்ஜின் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டான். பிறகு, "ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வரேன்க்கா, இவன் இங்கயே இருப்பான்" என்றான். மற்றவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அடையாள அட்டை கேட்டேன். நகலை நீட்டினார்கள். "இல்ல தம்பி, வேற ஆள் பேசிட்டாங்க" என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

அவர்கள் திருடர்களா, வெறும் அலட்சியமான பையன்களா, எனக்குத் தெரியாது. நீ எழுதியது அப்படியே நடந்தது, அவ்வளவுதான். படியேறி வரும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை. அந்தப் பையன் சிரித்த மாதிரிதான் நீயும் அன்றைக்குச் சிரித்திருப்பாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


28 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

நான் நலம். அம்மா நலமாக இருக்கட்டும். நீ நலமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

நீயே ஓட்டிக் காட்டு என்று எழுதினேன். ஏன் விற்கிறாய் என்றும் கேட்டேன். இரண்டுக்கும் உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. தெரியாத இரண்டு பேரிடம் சாவியைக் கொடுக்கப் பயந்தவள், தானே ஓட்டிக் காட்டியிருக்கலாமே?

யாருக்கும் கொடுக்காதே. உறை போட்டு மூடி வை. நவம்பரில் நான் வந்து விற்றுத் தருகிறேன். என்னிடம் யார் வாங்குவார்கள் என்று நினைத்தால் அதுவும் சரிதான்.

ஹரீஷ்


ஜெலுத்தோங்
19 மே 2024

அன்புத் தம்பி ஹரீஷுக்கு,

நீ திடமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். மோட்டாரை விற்றுவிட்டேன். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

சுங்கை பாக்காப்பிலிருந்து காமினி என்று ஒரு பெண். இருபத்து மூன்று வயது இருக்கும். பத்து காவான் தொழிற்பேட்டையில் புதிதாக வேலை கிடைத்திருக்கிறது, கம்பெனி பஸ் அவள் வீட்டுப் பக்கம் வருவதில்லையாம். பஸ் பிடித்து, பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, மறுபடி பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். தனியாகத்தான் வந்தாள். நான் கேட்பதற்கு முன்பே அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தாள். பையைக் கொடுத்தாள், திறந்து காட்டினாள். பிறகு கைப்பேசியையும் என் உள்ளங்கையில் வைத்தாள். "இதையும் வச்சுக்குங்கக்கா. தெரியாத ஆளுக்கு மோட்டார் குடுக்குறது பயமாத்தான் இருக்கும்லா" என்றாள். அதற்கு மேல் என்ன கேட்பது? சாவியைக் கொடுத்தேன். காலை பத்தே கால்.

பத்தரை ஆயிற்று. பத்தே முக்கால் ஆயிற்று. காணவில்லை.

முதலில் கோபம் வந்தது. அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திருடிய அட்டையாக இருக்குமோ? அவள் முகத்தை மறுபடி நினைத்துப் பார்க்க முயன்றேன், தம்பி, ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. மூக்குத்தி போட்டிருந்தாளா? தெரியவில்லை. பதினொன்று அடித்தபோது அவள் கைப்பேசி மணியடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வேன்? உங்கள் மகள் என் மோட்டாரோடு ஓடிவிட்டாள் என்றா? அல்லது, உங்கள் மகளை நான் ஒரு பழைய மோட்டாரில் ஏற்றி அனுப்பினேன், அவள் எங்கே விழுந்து கிடக்கிறாளோ என்றா? மறுபடி அடித்தது. மூன்று முறை.

பதினொன்றரைக்கு வந்தாள். ஹெல்மெட்டுக்குள் முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. விரைவுச்சாலையில் தடம் மாறத் தெரியாமல் கடல் பாலத்துக்கு ஏறும் வழியில் போய் மாட்டிக்கொண்டாளாம். பாலத்தில் திரும்ப முடியுமா? கடலைத் தாண்டி அந்தக் கரைக்குப் போய், வழி கேட்டு, மறுபடி முழுப் பாலத்தையும் தாண்டி வந்திருக்கிறாள். "போன் உங்ககிட்ட இருக்கு, உங்க நம்பர் போன்ல இருக்கு. நான் திருடிட்டேன்னு நெனச்சிருப்பீங்க. பாலம் முழுக்க அதையே நெனச்சு அழுதுக்கிட்டே ஓட்டுனேன்க்கா." பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்தனவாம். அவள் வாழ்க்கையிலேயே பாலத்தில் மோட்டார் ஓட்டியது அதுதான் முதல் முறை.

அவளை மேலே கூட்டிவந்து மைலோ கலக்கிக் கொடுத்தேன். அம்மா அவள் தலையைத் துவட்டிவிட்டார், மழைகூடப் பெய்யவில்லை. அவள் அம்மாவைக் கூப்பிட்டுப் பேச வைத்தோம். அடுத்த வாரம் பெயர் மாற்றி வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

நான் நின்றது ஒன்றேகால் மணி நேரம். அவள் வந்துவிட்டாள், என் காத்திருப்பு முடிந்தது. முகம்மது சுல்தான் எவ்வளவு நேரம் நின்றிருப்பார், ஹரீஷ்? உனக்குத் தெரியுமா? அன்றைக்கு நீ ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாயா?

அக்கா


ஜெலுத்தோங்
2 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. அதற்குள் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். நீ கோபப்பட்டாலும் சரி.

சுல்தானைத் தேடிப் போனேன். டத்தோ கெராமாட் பக்கம் ஒரு கடையில் ரொட்டி சானாய் போடுகிறார். கூட்டம் குறையும் வரை தே தாரிக் வாங்கிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு போய், நான் ஹரீஷின் அக்கா என்றேன். மாவு பிசைந்த கை அப்படியே நின்றது. போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "உக்காரும்மா" என்றார்.

காமினி கதையைச் சொன்னேன். நீங்கள் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ரெண்டு மணி நேரம் ரோட்டுல நின்னேன். அப்புறம் போலீசுக்குப் போகலம்மா. பெரியாஸ்பத்திரிக்குத்தான் போனேன். பின் பிரேக் கொஞ்சம் தளர்வு அந்த மோட்டார்ல. சொன்னா வேணாம்னு போயிருவான்னு சொல்லாம விட்டுட்டேன். தம்பி எங்கயோ அடிபட்டுருச்சுன்னு நெனச்சேன். எமர்ஜென்சியில நின்னு, மோட்டார்ல விழுந்து யாராச்சும் பையன் வந்தானா, சட்டை இந்தக் கலரு, வயசு இவ்வளவுன்னு ஒவ்வொரு நர்ஸ்கிட்டயும் கேட்டேன். இஷா தொழுகை வரைக்கும் அங்கயேதான் இருந்தேன். மறுநாள்தான் போலீசு."

அவர் வீட்டில் அவர் மனைவி ஆசியா பீவி, தெரியாத ஆளிடம் மோட்டாரைக் கொடுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னாராம். "ஆள் தெரியாத மனுசன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வீட்ல பேரு" என்று சொல்லிச் சிரித்தார். நான் குடித்த தே தாரிக்குக் காசு வாங்கவில்லை.

தம்பி, திட்டுவதற்காக எழுதவில்லை. எனக்குத் தெரிந்துவிட்ட பிறகு உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்றுதான்.

அக்கா


ஜெலுத்தோங்
30 ஜூன் 2024

ஹரீஷ்,

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. பார்வை நாளில் வந்தபோதும் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாய். அம்மாவும் நானும் வந்த வழியே பஸ்ஸில் திரும்பினோம்.

உன்னை மட்டும் உண்மை சொல்லச் சொல்வது நியாயமில்லை. நானும் ஒன்றை மறைத்தேன். பிப்ரவரி மாதம் வேலையிடத்தில் விழுந்தேன். கை கால் இழுத்துக்கொண்டதாம், எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன், என்னோடு வேலை செய்யும் ஹமீதா தன் தூடோங் முக்காட்டைச் சுருட்டி என் தலைக்கு அடியில் வைத்திருந்தாள். வலிப்பு என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்திருக்கிறார். மோட்டார் ஓட்டவே கூடாதாம், பின்னால் உட்காருவதும் வேண்டாமாம். அதனால்தான் விற்றேன். அதனால்தான் நான் ஓட்டிக் காட்டவில்லை.

காமினிக்காக நின்ற அந்த ஒன்றேகால் மணி நேரமும் இன்னொரு தடவை வந்துவிடுமோ என்று தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். வரவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு ஒரு முறையும் வரவில்லை. அம்மாவுக்கு மயக்கம் என்று மட்டும்தான் தெரியும்.

உள்ளே இருக்கிறவனுக்கு எதற்குப் பாரம் என்று சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். இனி நீ சொல்.

அக்கா


11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

மாத்திரையை நேரத்துக்குப் போடு. தூக்கம் கெடக் கூடாதாம், இங்கே என் அறையில் இருக்கும் ஒருவருக்கும் அதே வியாதி, அவரிடம் கேட்டேன். இரவு ஷிப்ட் வேண்டாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கு. அம்மாவிடமும் சொல்லிவிடு. நீ விழுந்தால் தலையைத் திருப்பிப் பிடிக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன் மூன்று கடிதமும் என்னிடம் இருக்கின்றன. பதில் எழுத ஆரம்பித்து ஐந்து முறை கிழித்தேன். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு காரணம் எழுதியிருந்தேன். சேர்க்கை, வேலை போனது, அப்பா இல்லாதது. மறுநாள் படித்தால் வெட்கமாக இருந்தது. இந்த முறை நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

திரும்பிப் பார்த்தாயா என்று கேட்டாய். பார்த்தேன். பார்த்தது மட்டுமில்லை, திரும்பி வந்தேன்.

எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டிய இடம் பாயா தெருபோங் பக்கம். பாதி வழியில் என்னால் முடியவில்லை. திருப்பினேன். அவர் தெரு முனைக்கு வந்தபோது அரை மணி நேரம் ஆகியிருக்கும். தூரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். நான் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் வந்து நின்றது வேறு பக்கம். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். வழி தெரியாமல் போய்விட்டேன் அண்ணே என்று சொன்னால் போதும். அந்தப் பெண் காமினி சொன்ன அதே வார்த்தை.

அப்போது அவர் தெருவில் போன ஒருவரை நிறுத்திக் கையை உயர்த்தி ஏதோ காட்டினார். என் உயரத்தைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். என்னைத் திருடன் என்று சொல்லி ஆள் திரட்டுகிறார் என்று நினைத்தேன். பயந்து வண்டியைத் திருப்பிவிட்டேன். நான் பிடிபட்டதற்கும் தண்டனைக்கும் பிறகுகூட அந்தக் கையை நினைத்துத்தான் என் மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் உடனே என்னைத் திருடன் என்றுதானே நினைத்தார் என்று.

உன் ஜூன் கடிதத்தைப் படித்த அன்று அந்தச் சமாதானமும் போய்விட்டது. அவர் அடிபட்ட பையனைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அதன் பிறகு உன்னையும் அம்மாவையும் பார்க்க எனக்கு முகமில்லை. அதுதான் உடம்பு சரியில்லை என்றேன்.

அவர் கடை முகவரியை அனுப்பு. நானே அவருக்கு எழுதுகிறேன். நீ சொல்லி நான் எழுதியதாக இருக்க வேண்டாம்.

ஹரீஷ்


டத்தோ கெராமாட், ஜார்ஜ்டவுன்
6 அக்டோபர் 2024

தம்பி ஹரீஷ் அவர்களுக்கு,

முகம்மது சுல்தான் எழுதிக்கொள்வது. இறைவன் கருணையால் நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் துவா செய்கிறேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நீங்கள் முனை வரைக்கும் திரும்பி வந்தீர்கள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். நான் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. இரண்டு ரொட்டி கருகிவிட்டது.

கோபம் இல்லை என்று சொன்னால் பொய். அந்த மோட்டார் இல்லாமல் ஆறு மாதம் விடியற்காலையில் நடந்து கடைக்குப் போனேன். ஆனால் அது எனக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ளது. நான் பிரேக் விஷயத்தை மறைத்ததும் அதில் சேர்த்தி. பெரிய சங்கடம் வீட்டில்தான். அன்றிலிருந்து என் மனைவி யாரையும் வீட்டு வாசலில் ஏற்றுவதில்லை. பக்கத்து வீட்டுக்குக் குடை கொடுத்தால்கூடச் சத்தம் போடுகிறாள். முன்பு அவள் அப்படி இல்லை, தம்பி.

எனக்கு எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. அது நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே வந்ததும் வாருங்கள். அவளிடம் நீங்களே சொல்லுங்கள். திட்டுவாள். அதற்குத் தயாராக வாருங்கள்.

சலாமுடன்,
முகம்மது சுல்தான்


புக்கிட் மெர்தாஜாம்
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நேற்று இரவுகூடப் போனில் பேசினோம். அப்போது வாய் வரவில்லை, அதனால் பழைய வழியிலேயே எழுதுகிறேன். உனக்கு இந்த மாதமும் வலிப்பு வரவில்லை என்று அம்மா சொன்னார். நல்லது. எனக்கு இங்கே கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை பழகிவிட்டது. தங்கும் இடத்தில் மூட்டைப்பூச்சிதான் தொல்லை.

நேற்றுப் பகலில் சுல்தான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். நான்காவது மாடி. அவர் கூடவே வந்தார், ஆனால் கடைசிப் படியிலேயே நின்றுகொண்டார். இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி. நான் பெயரைச் சொன்னேன். அவர் கதவைத் திறக்கவில்லை. நான் நின்றபடியே முழுவதையும் சொன்னேன். முனை வரை வந்ததையும், அங்கிருந்து மறுபடி ஓடியதையும். முடித்த பிறகு அந்த அக்கா, "அன்னிக்கு எவ்வளவு நேரத்துல வர்றேன்னு சொல்லிட்டுப் போனே?" என்று கேட்டார்.

"அஞ்சு நிமிஷம்னு சொன்னேன்க்கா."

"ரெண்டரை வருஷம்" என்றார். பிறகு அவர் கணவனைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில போயி உக்காந்திருந்தாரு இந்த மனுசன். வீட்டுக்கு வந்து சோறு திங்கல. இவனுக்காக" என்றார். அப்போதுதான் பூட்டைத் திறந்தார். திட்டு அதற்குப் பிறகுதான் வந்தது, உட்கார வைத்து. அரை மணி நேரம் இருக்கும். ஓய்ந்த பிறகு அவரே மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

கிளம்பும்போது மூன்று பேரும் கீழே இறங்கினோம். சுல்தான் அண்ணன் இப்போது ஓட்டும் மோட்டார் அங்கே நின்றது. பழசுதான், ஆனால் துடைத்து வைத்திருக்கிறார். அவர் என்ன நினைத்தாரோ, திடீரென்று சாவியை எடுத்து என் முன்னால் நீட்டி, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறீங்களா தம்பி?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றார் அவர் மனைவி. சாவியைப் பிடுங்கித் தன் இடுப்பில் சொருகிக்கொண்டார்.

முதலில் சிரித்தது அந்த அக்காதான். பிறகு அவர் கணவர், பிறகு நானும். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம், அங்கே சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். நடுவில் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெருநாளைக்கு உங்க அம்மாவ கூட்டிக்கிட்டு வா. பஸ்ல வா" என்றார்.

அக்கா, மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். வேணாம் என்றார் பார், அதை நம்புகிறேன். ஃபெரியில் வரும்போது மேல்தட்டில் நின்று காற்றை வாங்கிக்கொண்டே வந்தேன். எவ்வளவு நாளாயிற்று, ஒரு வேலையும் இல்லாமல் கடலைப் பார்த்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அம்மாவிடம் மீன் வாங்க வேண்டாம் என்று சொல், நான் வாங்கி வருகிறேன்.

உன் தம்பி,
ஹரீஷ்